கணக்கு முன்னே, வாக்கு பின்னே

2015-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் தேதி ஸ்ரீரங்கம் சட்டமன்றத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலைப் பற்றி இன்று எழுதப் புகுவது பழங்கணக்குக் கிளறுவதாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் பழங்கணக்கை ஒருமுறையும் நிதானமாகப் பார்க்காததனாலேயே நம் தேர்தல்களின் புதுக்கணக்கும் கோணலாகிக்கொண்டு வருகிறது என்பது என் அபிப்பிராயம். 2011-இல் ஜெயலலிதா அத்தொகுதியில் தி.மு.க.வின் ஆனந்தை 41,848 வாக்குகள் வித்தியாசத்தில் வென்று முதலமைச்சரானார். 2014 செப்டம்பர் 27-ஆம் தேதி பெங்களூரு தனி நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்ததும் பதவி போயிற்று, தொகுதி காலியாயிற்று. இடைத்தேர்தலில் அ.தி.மு.க. சார்பில் வளர்மதியும் தி.மு.க. சார்பில் மீண்டும் ஆனந்தும் நின்றனர். பாரதீய ஜனதாவும் மார்க்சிஸ்ட் கட்சியும் ஆளுக்கு ஒருவரை நிறுத்தின. தெருவை மறைக்கும் விளம்பரப் பதாகைகளுக்கு எதிராகப் பல்லாண்டு வழக்காடிய டிராபிக் ராமசாமியும் சுயேச்சையாக மனுத்தாக்கல் செய்திருந்தார். வளர்மதி 96,516 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். தலைவி பெற்ற வித்தியாசத்தைக் காட்டிலும் தொண்டர் பெற்றது இரு மடங்குக்கு மேல். தி.மு.க. தவிர, எதிர்த்து நின்ற மற்ற எல்லாரும் வைப்புத்தொகையை இழந்தனர்.

அந்த வெற்றி பணத்தால் மட்டுமே வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆளும் கட்சியின்பால் அனுதாபம் இருந்தது, தொகுதியின்மீது தலைவிக்கு இருந்த பிரியம் இருந்தது, எதிர்க்கட்சிகள் சிதறிக் கிடந்த சந்தர்ப்பமும் இருந்தது. ஒரு காசு செலவழியாமல் போட்டி நடந்திருந்தாலும் ஒருவேளை அவரே வென்றிருக்கக்கூடும். என் கேள்வி யார் வென்றார் என்பதைப் பற்றியது அன்று. வாக்களித்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒருவருக்கேனும், வாக்குச்சாவடிக்குள் நுழைகிற நிமிஷத்தில், தம் தெருவில் அந்தச் சில வாரங்களாகப் புரண்ட திரவியம் யாருடையது, எவ்வளவு என்று தெரிந்திருந்ததா என்பதே கேள்வி. தெரிந்திருக்கவில்லை, தெரிந்துகொள்ள வழியும் சட்டத்தில் இருக்கவில்லை, இன்றும் இல்லை.

சட்டம் என்ன சொல்லிற்று என்பதைக் கொஞ்சம் வகுத்துப் பார்ப்போம். அப்போது சட்டமன்ற அபேட்சகர் ஒருவர் செய்யத்தக்க செலவின் உச்சவரம்பு 28 லட்ச ரூபாய். ஸ்ரீரங்கத்தில் வாக்காளர் ஏறத்தாழ 2 லட்சத்து 70 ஆயிரம் பேர். ஆக, தலைக்குப் பத்து ரூபாய் சொச்சம், அதாவது ஒரு தேநீரின் விலை. வண்டி வாடகை, ஒலிபெருக்கி, துண்டறிக்கை, பந்தல், பூத் ஏஜெண்டுகளின் சாப்பாடு எல்லாம் அந்தத் தேநீர் விலைக்குள் அடங்கவேண்டும். அடங்கியதாகத்தான் கணக்குகள் எப்போதும் தாக்கலாகின்றன. சித்திரை வீதிகளிலும் அடையவளைஞ்சான் தெருவிலும், காவிரிக்கரை வாழைத்தோட்டங்களுக்கு நடுவே அந்தநல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும், அமைச்சர்களும் கட்சி நிர்வாகிகளும் ஊரைப் பகுதி பகுதியாகப் பங்கிட்டுக்கொண்டு முகாமிட்டு வேலை செய்ததைக் கண்ணாரக் கண்டவர்களுக்கு இந்தத் தேநீர்க் கணக்கு நகைப்பையே தந்திருக்கும். பணம் வினியோகிக்கப்படுவதாக எதிர்க்கட்சிகள் புகார் கூறின. ஆளும் கட்சி மறுத்தது. இத்தகைய புகாரும் மறுப்பும் எல்லா இடைத்தேர்தல்களிலும் சடங்குபோல நிகழ்வனவாதலால் ஊர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

தேர்தல் அதிகாரிகள் சும்மா இருக்கிறார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தேர்தலுக்கு முன் கட்சிப் பிரதிநிதிகளை அழைத்து வைத்து ஒரு விலைப்பட்டியல் தயாரிப்பார்கள். அதைப் படித்துப் பார்ப்பவர்கள் நம் ஜனநாயகத்தின் சமையற்கட்டையே பார்த்தவர்களாவார்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுக்கு நாள் வாடகை இவ்வளவு, தேநீர் இவ்வளவு, வடை இவ்வளவு, பிரியாணிப் பொட்டலம் இவ்வளவு, சால்வை, ஆளுயர மாலை, தாரை தப்பட்டை, செண்டை மேளம், ஆயிரம் வாலாப் பட்டாசு என்று ஒவ்வொன்றுக்கும் சர்க்கார் விலை உண்டு. அபேட்சகரின் வண்டிக்குப் பின்னாலேயே காணொளிக் குழுவின் வண்டி போகும். அதில் பதிவானவற்றை எண்ணி நிழல் பதிவேடு என்று ஒன்றில் ஏற்றுவார்கள். அபேட்சகர் எழுதிவரும் கணக்கோடு அதைப் பிரசார காலத்திலேயே மும்முறை ஒப்பிடுவார்கள். நாற்காலிகளையும் வடைகளையும் எண்ணுவதில் இத்துணை சிரத்தை காட்டும் தேசம் வேறொன்று உண்டா என்று எனக்குச் சந்தேகமே. ஆனால் அதே வீதியில் வீட்டுவாசல்தோறும் ஆரத்தித் தட்டோடு நிற்கும் பெண்களின் தட்டில் கற்பூரத்துக்குப் பக்கத்தில் என்ன விழுகிறது என்பதும், காமிரா முன்தெருவைக் கடந்துபோன பிறகு, கையில் வாக்காளர் பட்டியலின் பாகத்தை வைத்துக்கொண்டு பேனாவால் ‘டிக்’ அடித்தபடி பின்தெருவில் நடந்துவரும் உள்ளூர்க்காரரின் பையில் என்ன இருக்கிறது என்பதும் நிழல் பதிவேட்டின் நிழலுக்குக்கூட எட்டுவதில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை சட்டத்திலேயே இருக்கிறது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு செலவு வரம்பை அபேட்சகருக்கு மட்டுமே விதிக்கிறது. கட்சிக்கு வரம்பே கிடையாது. ஒரு தொகுதியில் 28 லட்சத்துக்கு மேல் செலவிடலாகாது என்று தனிமனிதனைக் கட்டிப்போட்டுவிட்டு, அவனை நிறுத்திய கட்சி மாநிலம் முழுவதற்குமான ‘பொதுப் பிரசாரம்’ என்ற பெயரில் கோடிக்கணக்கில் இறைக்கலாம் என்று விடுவது வாசற்கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்துத் தூங்குவதற்கு ஒப்பாகும். நட்சத்திரப் பேச்சாளர்கள் என்று அங்கீகரிக்கப்பட்ட கட்சி நாற்பது பேர்வரை அறிவித்துக்கொள்ளலாம்; அவர்களுடைய ஹெலிகாப்டர்ச் செலவு அபேட்சகர் கணக்கில் ஏறாது. ஆனால் தலைவர் பேசும் மேடையில் அபேட்சகரும் ஏறி நின்றால் கூட்டச் செலவில் அவர் பங்கு அவர் கணக்கில் ஏறும். ஆகையால், யாருக்காக வாக்குக் கேட்கப்படுகிறதோ அவரே மேடையேறாமல் கீழே கைகூப்பி நிற்கிற வினோதத்தைப் பல கூட்டங்களில் நாம் பார்த்திருக்கிறோம். கல்யாண மாப்பிள்ளையைப் பந்தலுக்கு வெளியே நிறுத்தவைத்த பெருமை நம் விதிகளுக்கே உரியது.

இந்த ஓட்டையை அடைக்க ஒருமுறை முயற்சி நடந்தது. 1971 நாடாளுமன்றத் தேர்தலில் டில்லி சதர் தொகுதியில் அமர்நாத் சாவ்லா வென்றதை எதிர்த்து கன்வர்லால் குப்தா தொடுத்த வழக்கில், 1974 அக்டோபர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அபேட்சகருக்கு அனுகூலமாக அவர் அறிய அவருடைய கட்சி செய்யும் செலவும் அவர் செலவே என்று தீர்ப்பளித்தது. பணபலம் மிகுந்த கட்சிக்கும் அது இல்லாத தனி மனிதனுக்கும் இடையே சமத்துவம் இல்லாவிட்டால் தேர்தல் நியாயமானதாகாது என்பது அத்தீர்ப்பின் ஆதார சுருதி. தீர்ப்பின் மை உலர்வதற்கு முன்பே, அதே அக்டோபர் மாதத்தில், மத்திய அரசாங்கம் அவசரச் சட்டம் கொண்டுவந்து கட்சியும் நண்பர்களும் செய்யும் செலவு அபேட்சகர் செலவாகாது என்று மாற்றிவிட்டது. பிறகு நாடாளுமன்றம் அதை நிரந்தரச் சட்டமாக்கிற்று. 2003-இல் நண்பர்களுக்கு இருந்த அந்தத் தாராளம் சுருக்கப்பட்டது. கட்சியின் பொதுப் பிரசாரச் செலவு மட்டும் இன்றும் வரம்பின்றி ஓடுகிறது. அபேட்சகரின் வரம்பைத்தான் 2014-இல் 28 லட்சம், 2020-இல் 30.8 லட்சம், 2022-இல் 40 லட்சம் என்று உயர்த்திக்கொண்டே வருகிறோம்.

தனி அபேட்சகருக்கு மட்டும் வரம்பு கட்டும் வழக்கத்தை நாம் ஆங்கிலேயரிடமிருந்து பெற்றோம். 1883-இல் அவர்கள் செய்த ஊழல் தடுப்புச் சட்டத்தின் காலத்தில் தேர்தல் என்பது தொகுதிக்குத் தொகுதி தனித்தனியாக நடந்த காரியம். தேசம் முழுவதையும் ஒரே நாளில் எட்டும் தொலைக்காட்சியோ கைப்பேசியோ கிடையாது. காலம் மாறியதை உணர்ந்த அவர்கள் 2000-ஆம் ஆண்டில் கட்சிகளின் தேசியச் செலவுக்கும் வரம்பு விதித்தார்கள். தொலைக்காட்சியில் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் செய்வதை அங்கே அனுமதிப்பதே இல்லை. அமெரிக்கா வேறு மார்க்கத்தில் போயிற்று. 2010-இல் அங்கே உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு கம்பெனிகள் தேர்தலில் தனித்துச் செய்யும் செலவுக்குத் தடையேதும் இல்லை. நாமோ ஆங்கிலேயரின் பழைய பாதிச் சட்டத்தையும் அமெரிக்கரின் புதிய பாதி சுதந்திரத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ராஜாஜி 1922-இல் வேலூர்ச் சிறையிலிருந்தபோது எழுதிய நாட்குறிப்பில், சுதந்திரம் வந்தவுடன் சுகம் வந்துவிடாது, தேர்தல்களும் அவற்றின் ஊழல்களும் செல்வத்தின் கொடுங்கோன்மையும் சேர்ந்து வாழ்க்கையை நரகமாக்கும் என்று முன்கூட்டியே அஞ்சினார். அதற்கு எட்டாண்டுகளுக்குப் பின், 1930 ஏப்ரல் 13-இல், ஸ்ரீரங்கத்துக்காரரான டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் திருச்சி இல்லத்திலிருந்து ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டார். அந்த யாத்திரைக்கு வழியெங்கும் சோறு போட்டவர்கள் சர்க்காரின் கோபத்துக்கு அஞ்சாமல் போட்டார்கள் என்பது இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் பெருமையோடு சொல்லி வந்த சங்கதி. அரசியலுக்குப் பணமே ஆகாது என்று நான் சொல்லவில்லை; பணம் எங்கிருந்து வருகிறது என்பது பகிரங்கமாக இருந்தவரையில் அது கௌரவமான பொருளாகவே இருந்தது. தி.மு.க. தேர்தலில் போட்டியிடலாம் என்று முடிவெடுத்ததே 1956-இல் திருச்சி மாநில மாநாட்டில், வந்திருந்தவர்களின் கருத்தை வாக்குப்பெட்டி வைத்து அறிந்த பிறகுதான். 1967 தேர்தலுக்கு முன் விருகம்பாக்கம் மாநாட்டில், நிதி திரட்டித் தந்த கருணாநிதியைச் சைதாப்பேட்டை அபேட்சகராக அறிவிக்க வந்த அண்ணா, ‘திரு. பதினோரு லட்சம்’ என்று பெயர் சொன்னார். அந்தத் தொகையை மறைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதை மேடையில் சொல்வதே கட்சிக்குப் பெருமையாக இருந்தது.

இந்தப் பெருமை எப்போது வெட்கமாக மாறிற்று என்பதை ஆராய்ச்சியாளர்கள் சொல்லட்டும். 2018-இல் தேர்தல் பத்திரத் திட்டம் வந்தபோது, கட்சிக்குப் பணம் கொடுப்பவர் பெயர் குடிமக்களுக்குத் தெரியக்கூடாது என்பதே சட்டமாயிற்று. 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைச் செல்லாது என்று தீர்ப்பளித்து, பெயர்களையும் வெளியிடச் செய்தது. பட்டியலில் முதலிடம் வகித்தது கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு லாட்டரி நிறுவனம். அது வாங்கிய பத்திரங்களின் மதிப்பு 1,368 கோடி ரூபாய். இந்தச் செய்தியைத் தமிழ்நாட்டு வாக்காளன் அறிந்தது 2021 தேர்தல் முடிந்து, அரசாங்கமும் அமைந்து, ஏறத்தாழ மூன்றாண்டுகள் கழிந்த பின்னர்.

தாமதந்தான் என் வாதத்தின் மையம். அபேட்சகர் கணக்கு முடிவு அறிவித்த முப்பது நாட்களுக்குள்; கட்சிக் கணக்கு சட்டமன்றத் தேர்தலாயின் எழுபத்தைந்து நாட்களுக்குள், நாடாளுமன்றத் தேர்தலாயின் தொண்ணூறு நாட்களுக்குள். மணம் முடிந்து மணமக்கள் குடித்தனமும் தொடங்கிய பிறகு ஜாதகம் கேட்கிற கதை என்று இதைச் சொல்ல ஆசையாக இருந்தாலும், முன்பே ஒரு மாப்பிள்ளையைப் பந்தலுக்கு வெளியே நிறுத்திவிட்டபடியால் அடக்கிக்கொள்கிறேன். தாக்கல் செய்யாதவருக்கு மூன்றாண்டு தகுதியிழப்பு உண்டு. தாக்கல் செய்த கணக்கு பொய் என்று நிரூபிக்கவேண்டுமானால் தோற்றவரோ தொகுதி வாக்காளர் ஒருவரோ நாற்பத்தைந்து நாட்களுக்குள் வழக்குத் தொடுக்கவேண்டும். ஆறு மாதத்தில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஐந்தாண்டுப் பதவிக்காலமே முடிந்த பின்னும் தீராத தேர்தல் வழக்குகள் நம் உயர் நீதிமன்றங்களில் உண்டு.

இனித் தூஷணை விளம்பரங்களுக்கு வருவோம். எதிரியை ஏசுவது தமிழ்மேடைக்குப் புதிதன்று. திருச்சி தென்னூர் உழவர் சந்தை மைதானத்தில் நடந்த கூட்டங்களைக் கேட்டவர்கள், நாகரிகம் என்று சொல்லத்தக்கது எல்லாச் சமயங்களிலும் அங்கே இருந்தது என்று சத்தியம் செய்யமாட்டார்கள். ஆனால் பேசியவர் முகம் தெரிந்தது. பெயர் சுவரொட்டியில் இருந்தது. அடுத்த வாரம் அதே மைதானத்தில் ஏசப்பட்டவர் கட்சி மேடை போட்டு வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. கேட்டவர்கள் இரண்டையும் கேட்டுவிட்டுத் தீர்மானித்தார்கள். ஆட்சியின் குற்றங்குறைகளை எடுத்துக்காட்டுவது எதிர்க்கட்சியின் உரிமை மட்டுமல்ல, உத்தியோகமும் ஆகும். 1967-இல் அரிசி விலையைப் பேசாதிருந்தால் காங்கிரஸ் ஆட்சி மாறியிராது. ஆகவே எதிர்மறைப் பிரசாரத்தைத் தடைசெய்ய வேண்டும் என்று கோருகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அத்தடை வந்தால் முதலில் வாய் மூடப்படுபவன், ஆட்சியில் இருப்பவனைக் கேள்வி கேட்கிற ஏழை எதிர்ப்பாளனே.

அநியாயம் ஏச்சில் இல்லை. ஏசும் வாய் வாடகை வாயாக இருப்பதிலும், வாடகை கொடுத்தவன் மறைந்து நிற்பதிலும், பதிலுக்கு அவகாசம் இல்லாத கடைசி வேளையில் அது வருவதிலுமே இருக்கிறது. 2016 சட்டமன்றத் தேர்தலின்போது தொலைக்காட்சியில் வந்த இரண்டு விளம்பரங்களைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். ஒன்றில் ஒரு மூதாட்டி, பெற்ற பிள்ளைகள் கைவிட்ட தமக்கு முதலமைச்சரே சோறு போடுகிறார் என்று கண்கலங்கினார். எதிர்க்கட்சியின் விளம்பரத்திலோ அதே மூதாட்டி அதே ஆட்சியின்மீது குறை சொல்லி அங்கலாய்த்தார். இரண்டு இடத்திலும் கூலி பெற்று நடித்த அந்த அம்மாளிடம் எனக்கு மனத்தாங்கல் சிறிதும் இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு நடிப்பவர் எந்த வேஷம் கொடுத்தாலும் போடுவார். ஆனால் ஜனங்களின் துயரமும் ஜனங்களின் நன்றியும் ஒரே முகத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வீட்டுக்கூடத்துக்குள் வந்தபோது நாடு சிரித்ததே, அந்தச் சிரிப்பில் ஒரு பிரத்தியட்ச ஞானம் இருந்தது. பணமிருந்தால் சாட்சியும் கிடைக்கும், எதிர்ச்சாட்சியும் கிடைக்கும், ஒரே ஆளே இரண்டும் ஆகலாம் என்பதே அது.

2021-இல் இன்னொரு வகை நடந்தது. வாக்குப்பதிவு ஏப்ரல் 6. பிரசாரம் ஓய்ந்த ஏப்ரல் 4 ஞாயிற்றுக்கிழமை காலையில் பல நாளிதழ்களின் முதற்பக்கத்தைப் போர்த்திக்கொண்டு, செய்தியே போன்ற தலைப்பும் பத்தியுமாக, எதிர்க்கட்சியின் பழைய ஆட்சியைத் தாக்கும் பக்கக்கணக்கான விளம்பரங்கள் வந்தன. தி.மு.க. தேர்தல் ஆணையத்திடம் முறையிட்டது. முந்தைய தேர்தலில் அதே கட்சி முதற்பக்க விளம்பரங்களால் ஆளுங்கட்சியைப் பரிகசித்திருந்தபடியால் இதில் ஒருவர் மட்டும் உத்தமர் என்று சொல்லவும் வழியில்லை. எங்கள் பத்திரிகைத் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் அது பாரபட்சமாகும். செய்தியின் உடையை விளம்பரத்துக்கு இரவல் கொடுத்துக் காசு வாங்கியவை நாளிதழ்கள். வாங்கிய காசு எவ்வளவு என்று மறுநாள் இதழில் அச்சிட்ட நாளிதழ் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

இதற்கெல்லாம் சட்டம் இல்லாமலில்லை. ஓர் அபேட்சகரின் தனிநடத்தையைப் பற்றிப் பொய்யென்று அறிந்தே கூறுவது 123(4)-ஆவது பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. ஆனால் அது அபேட்சகரைப் பற்றிய பொய்யை மட்டும் தொடும். கட்சியைப் பற்றியும் ஆட்சியைப் பற்றியும் சொல்லும் பொய் அதன் கைக்கு அகப்படாது. தொலைக்காட்சி விளம்பரங்களுக்கு 2004-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்பேரில் முன் அனுமதி வாங்கவேண்டும். நாளிதழ் விளம்பரங்களுக்கு வாக்குப்பதிவு நாளுக்கும் அதற்கு முந்திய நாளுக்கும் மட்டுமே தேர்தல் ஆணையம் அனுமதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஏப்ரல் 4-ஆம் தேதி ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது இதிலிருந்து விளங்கும். அபேட்சகரின் எழுத்துமூலமான அனுமதியின்றிப் பிறர் அவருக்காகச் செலவு செய்வதும் குற்றமே. பழைய தண்டனைச் சட்டத்தில் அதற்கு ஐந்நூறு ரூபாய் அபராதம், புதிய பாரதீய நியாய சன்ஹிதையில் பத்தாயிரம் ரூபாய். பத்து ரூபாய்க்கு உட்பட்ட செலவானால் பத்து நாளுக்குள் பின்னனுமதி பெற்றுக்கொள்ளலாம் என்ற சலுகையைப் புதிய சட்டமும் அப்படியே வைத்திருக்கிறது. கைப்பேசித் திரையில் எந்தக் கட்சியின் பெயரும் இல்லாத, ஊர்ப்பெயரையும் உணர்ச்சிப்பெயரையும் சூட்டிக்கொண்ட பக்கங்கள் லட்சக்கணக்கில் செலவழித்து எதிரியை இழித்துரைக்கும் காலத்தில், நம் சட்டம் பத்து ரூபாய்க்குக் காவல் இருக்கிறது.

காசு வாங்கினாலும் தன்னிஷ்டப்படியே வாக்களிக்கிறான் தமிழன், ஆதலால் கவலை வேண்டாம் என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. 1952-இல் திருச்சி நாடாளுமன்றத் தொகுதி, நாடெங்கும் காங்கிரஸ் கொடிகட்டிப் பறந்த வேளையில், டாக்டர் மதுரம் என்ற சுயேச்சையைத் தேர்ந்தெடுத்தது. பிற்காலத்தில் அனந்த நம்பியாரையும் கல்யாணசுந்தரத்தையும் போன்ற, பணபலம் என்று சொல்ல ஒன்றுமில்லாத தொழிற்சங்கக் கம்யூனிஸ்டுகளைப் பலமுறை டில்லிக்கு அனுப்பிற்று. பொன்மலை ரயில்வேத் தொழிலாளிகளும் ஊர் மக்களும் அவர்களுக்கு வாக்களித்தார்களே தவிர அவர்களிடம் கைநீட்டவில்லை. இன்று அப்படிப்பட்டவர் வெல்வாரா என்பதைவிட, அப்படிப்பட்டவருக்குக் கட்சி சீட்டுக் கொடுக்குமா என்று கேளுங்கள். பணம் வாக்காளனை வாங்குகிறதோ இல்லையோ, யார் அபேட்சகராகலாம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. மனுத்தாக்கலுக்கு வைப்புத்தொகை பத்தாயிரம் ரூபாய்தான். அதற்குப் பின்னால் நிற்கும் தொகையைப் பற்றி நேர்காணல் அறையில் கட்சி கேட்கும் முதற்கேள்வியிலேயே உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரும் வக்கீலும் விவசாயியும் எழுந்து வந்துவிடுகிறார்கள்.

மேலும், தேர்தலை ரத்துசெய்தும் பார்த்தாயிற்று. 2016-இல் திருச்சிக்கு மேற்கே அரவக்குறிச்சியிலும் கிழக்கே தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தல் நிறுத்தப்பட்டது. இந்தியாவில் சட்டமன்றத் தேர்தலொன்றுக்கு இக்காரணத்துக்காக இப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை. நவம்பரில் மறுபடி தேர்தல் வந்தபோது இரு பெரும் கட்சிகளும் அதே அபேட்சகர்களையே நிறுத்தின; தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. 2017-இல் ஆர்.கே. நகரிலும் 2019-இல் வேலூரிலும் தேர்தல் இவ்வாறே நின்றது. 2021 மார்ச்சில் திருச்சி மாவட்டத்தில் பெட்டவாய்த்தலை அருகே சாக்குப்பையில் ஒரு கோடி ரூபாய் கிடைத்தது. நகரத்துக் காவல் நிலையங்களிலேயே பணம் வைத்த உறைகள் அகப்பட்டு, காவலர் சிலர் இடைநீக்கமானார்கள். ஆட்சியரும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் மாற்றப்பட்டனர். அதிகாரிகளை மாற்றுவது எளிது. உறையில் பணம் வைத்தவனை ஊருக்குக் காட்டுவதே கடினம்.

எனவே நான் கோருவது இது. கட்சிச் செலவுக்கு மாநில அளவில் வரம்பு வேண்டும். அதனுள் நட்சத்திரப் பேச்சாளரும் விளம்பரமும் அடங்கவேண்டும். கட்சியானாலும் அபேட்சகரானாலும், விளம்பரத்துக்கும் பிரசாரத்துக்கும் கொடுத்த தொகையையும் அது வந்த வழியையும் வாராவாரம், வாக்குப்பதிவுக்கு முந்திய வாரம் நாள்தோறும், பகிரங்கப்படுத்தவேண்டும். வடைக்கும் நாற்காலிக்கும் அன்றாடம் நிழல் பதிவேடு எழுத முடிந்த ஓர் அமைப்புக்கு இது அசாத்தியமான காரியமன்று. 127-ஏ பிரிவின்படி, திருச்சி மெயின்கார்டு கேட் பக்கத்துச் சின்ன அச்சகம்கூடத் தேர்தல் துண்டறிக்கையின் அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் விலாசமும் போடவேண்டும், பிரதிகளின் எண்ணிக்கையைச் சொல்லவேண்டும், தவறினால் ஆறு மாதம்வரை சிறை. அந்தக் கடமையைத் தொலைக்காட்சிக்கும், நாளிதழ் முதற்பக்கத்துக்கும், கைப்பேசித் திரைக்கும் நீட்டி, கொடுத்த தொகையும் அதிலேயே தெரியவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தாக்குகிற விளம்பரமானால், தாக்கப்பட்டவர் பதிலளிக்க மூன்று முழு நாளாவது இருக்கும்படி அதன் கடைசித் தேதியை முன்தள்ள வேண்டும். செய்தித்தாள்களுக்கும் அதில் விலக்கு ஆகாது.

பணத்துக்குப் பதிலாக நேரத்தைக் கொடுக்கும் ஒரு வழியும் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் இந்த வட்டாரத்து வயற்காட்டுக்கெல்லாம் கேட்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு 1977 முதல் வானொலியில் இலவச நேரம் ஒதுக்கப்பட்டு வருகிறது. அதைக் கட்சிகளோடு நிறுத்தாமல் தொகுதி அபேட்சகர்களுக்கும், சுயேச்சைகள் உட்பட, ஆளுக்கு ஐந்து நிமிஷம் வீதம் விரித்தால் ஏழை அபேட்சகனுக்கு ஒரு மேடை கிடைக்கும். 1998-இல் இந்திரஜித் குப்தா குழு அரசாங்க உதவியைப் பணமாகவன்றிப் பொருளாகத் தரலாம் என்று சொன்னதும் ஏறக்குறைய இந்த வழியில்தான்.

கட்சிகள் ஒப்புக்கொள்ளுமா என்று கேட்பார்கள். நன்கொடையாளர்கள் பயப்படுவார்கள், கணக்கெழுத ஆளில்லை, தேர்தல் அவசரத்தில் வாராவாரம் அறிக்கை தருவது நடைமுறைக்கு ஒவ்வாது, சட்டத் திருத்தத்துக்கு எல்லாக் கட்சிகளின் கருத்தொற்றுமை வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும் என்று பல சமாதானங்கள் வரும். மற்றவற்றுக்குத் தனித்தனியே பதில் சொல்லலாம். காலம் பிடிக்கும் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 1974-இல் உச்ச நீதிமன்றம் கட்சிச் செலவையும் கணக்கில் சேர்க்கச் சொன்னபோது, அதைச் சேர்க்கவேண்டாம் என்று சட்டத்தை மாற்ற நம்மவர்களுக்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை.